தராசு பாயின் கழுத்து

உங்களை யாராவது முகத்தைப் பார்த்தே எடை போட்டிருக்கிறார்களா? படிக்கல் கிடையாது, தட்டு கிடையாது, முள் கிடையாது. நீங்கள் பாட்டுக்கு ரயிலை விட்டு இறங்கி, பெட்டியும் கையுமாக வெளியே வருகிறீர்கள். ஒரு ஆள் உங்களை உச்சந்தலையிலிருந்து செருப்பு வரை ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டு, பத்துப் பேர் கேட்க, "நீ ரொம்பக் கம்மி, பின்னால ஏறு" என்கிறார். ரோஷம் வருமா, வராதா?

எனக்கு வந்தது. வேலூரில் காலேஜில் சேர்ந்து, புதுக் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு, சனிக்கிழமை ரயிலில் வாணியம்பாடிக்கு வந்து இறங்கிய முதல் நாளே வந்தது. ஆனால் ஸ்டேஷன் வாசலில் வேறு ஜட்கா இல்லை. பின்னாலேயே ஏறினேன்.

வட ஆற்காடு ஜில்லா முழுவதிலும் மனிதர்களை மனிதர்களாகவே பார்க்காத ஒரே ஆத்மா தராசு பாய்தான் என்று நான் சத்தியம் செய்வேன். அவருக்குத் தாசில்தாரும் ஒன்று, தயிர்க்காரியும் ஒன்று. இரண்டுமே பாரம். அவருடைய நிஜப் பெயர் இன்னதென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டால், "பேரு இன்னா எடை இருக்கப் போவுது?" என்பார்.

ஜட்காவில் போனவர்களுக்கு விஷயம் தெரியும். இரண்டே சக்கரம். பின்பக்கம் பாரம் கூடினால் குதிரையைப் பூட்டுகிற ஏர்க்கால் இரண்டும் மேலே தூக்கிக்கொண்டு, குதிரை பாதி ஆகாயத்தில் நிற்கும். முன்பக்கம் கூடினால் குதிரையின் கழுத்து அமுங்கும். அதனால் எல்லா ஜட்காக்காரர்களும் "கொஞ்சம் முன்னால தள்ளுங்க, கொஞ்சம் பின்னால தள்ளுங்க" என்று சொல்வதுதான். மற்றவர்களுக்கு அது தொழில். தராசு பாய்க்கு அது வேதம். அவருடைய குதிரையின் பெயர் பேகம். பேகத்தின் கழுத்தில் ஒரு வீசை பாரம் ஜாஸ்தி விழுந்தாலும் அவருக்கு ராத்திரி சோறு இறங்காது.

ஒரு தடவை கல்யாண கோஷ்டி ஒன்று அவர் வண்டியில் ஏறியது. மாப்பிள்ளை ஈர்க்குச்சி. பெண் அப்படியில்லை. பாய் ஒரு பார்வை பார்த்தார். பெண்ணைத் தன் முதுகுக்குப் பின்னால் முதலாவதாக உட்கார வைத்தார். மாப்பிள்ளையைக் கடைசியில், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூட்டை மாதிரி உட்காரச் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா கொதித்துப் போய், முதல் மரியாதை யாருக்கு என்று சண்டைக்கு வந்தாள். பாய் நிதானமாக, "அம்மா, எடைக்கு மாமியாரு கெடையாது" என்றார். அந்தக் கல்யாணத்தில் அதற்குப் பிறகு வேறு பேச்சே இல்லை.

இன்னொரு தடவை ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரைக் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றும்போது நிறுத்திவிட்டார். காலையில் இருந்ததைவிட இப்போது ஜாஸ்தியாக இருக்கிறீர்கள், எங்கே விருந்து என்று விசாரித்தார். இன்ஸ்பெக்டர் எங்கே சாப்பிட்டார் என்பது ஊருக்குத் தெரியக்கூடாத விஷயம். பஜார் முழுக்கத் தெரிந்துபோயிற்று.

அவர் கணக்கு எப்போதும் சரியாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பாதி நாள் தப்பு. பஞ்சு மூட்டைக்காரனை இரும்புக் கடைக்காரன் என்று நினைத்து முன்னால் உட்கார வைத்து, வண்டி மல்லாக்கச் சாயப் பார்த்திருக்கிறது. தப்பு நேர்ந்தால் அதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார். அந்த ஆள் மூச்சைப் பிடித்து ஏமாற்றிவிட்டான் என்பார். ஆனால் ஒரு சனிக்கிழமை நான் வண்டியில் ஏறியதும், ஏர்க்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"போன வாரத்துக்கு ஜாஸ்தி இருக்கியே தம்பி. பரீட்ச போயிடுச்சா?"

போய்விட்டிருந்தது. அன்று காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவுமில்லை.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் ஒரு மோட்டார் பின்னாலிருந்து வந்து இடித்தது.

அன்றைக்கு வண்டியில் நானும், திருப்பத்தூர் நெய் வியாபாரி ஒருவரும் இருந்தோம். வியாபாரி தன் சரக்குக்குத் தானே விளம்பரம் என்று சொல்லத்தக்க உடம்பு. நல்ல வெயில். பாலாற்றுப் பக்கம் மேடு ஏறும்போது வியாபாரி தூங்கிப்போய், கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சரிந்துகொண்டே வந்தார். நான் கடைசியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அவர் வழுக்கி வந்து என்னைத் தள்ளிவிடுவாரோ என்ற கவலையில் இருந்தேன். பாய்க்கு ஏர்க்கால் தூக்கியது தெரிந்துவிட்டது. நடு ரோட்டில் நிறுத்தினார். முகத்தைப் பின்னால் திருப்பி எங்கள் இரண்டு பேரையும் வைதார். வியாபாரியை எழுப்பி முன்னால் இழுத்தார். என்னையும் காலை உள்ளே எடுத்துக்கொண்டு முன்னால் வரச் சொன்னார். நான் வந்தேன். அவர் திரும்பி, பேகத்தின் முதுகைத் தட்டினார்.

அந்த நேரம் பார்த்து, என் கால்கள் தொங்கிக்கொண்டிருந்த அதே இடத்தில் மோட்டார் வந்து மோதியது.

படிக்கட்டு இரும்பு வெற்றிலை மாதிரி சுருண்டது. வியாபாரி என் மேல் விழுந்தார். நான் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. பேகம் பத்தடி ஓடித் தானாகவே நின்றது. மோட்டாரில் ஒரே ஆள்தான். ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்பு முதலாளி ஒருவருடைய டிரைவர். பெயர் முனுசாமி. முதலாளியை ஸ்டேஷனில் விட்டுவிட்டு, திரும்பும் வழியில் கள்ளுக்கடையில் நிறைய நேரம் இருந்திருக்கிறான். இறங்கி வந்து நசுங்கிய படியைப் பார்த்தான். அப்புறம் எங்களைப் பார்த்து, ரோட்டில் எதற்கு வீடு கட்டியிருக்கிறீர்கள் என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டான். கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தான்.

பாய்க்கு ரத்தக் காயம் ஒன்றுமில்லை. எல்லாரையும் விசாரித்தார், பேகத்தின் கால்களைத் தடவிப் பார்த்தார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெரிந்ததாம், கழுத்து திரும்பவில்லை. இடமும் இல்லை, வலமும் இல்லை. முன்னால் மட்டும் பார்க்கிற தலை. ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்தார்கள், ஒத்தடம் கொடுக்கச் சொன்னார்கள். நரம்பு பிடித்திருக்கிறது, நாளாகும், திரும்பாமலே போனாலும் போகலாம் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு பாய் யாரையாவது பார்க்க வேண்டுமென்றால், ஆளே முழுசாகத் திரும்புவார், கதவு திரும்புகிற மாதிரி.

போலீஸ் கேஸ் நடந்தது. முனுசாமிக்கு அபராதம் போட்டு, மோட்டார் ஓட்டும் லைசென்ஸைப் பிடுங்கினார்கள். முதலாளி வேலையிலிருந்தும் துரத்திவிட்டார். கோர்ட்டு வாசலில் பாய் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அபராதம் கவர்ன்மெண்டுக்குப் போச்சே தம்பி. கவர்ன்மெண்டுக்கா கழுத்து வலிக்குது?"

நான் விடுவேனா? படித்த ரத்தம். என் பெரியப்பா மகன் சீனு அண்ணன் அப்போதுதான் திருப்பத்தூரில் வக்கீல் போர்டு மாட்டியிருந்தார். கட்சிக்காரர் என்ற ஜாதியையே இன்னும் கண்ணால் பார்த்ததில்லை. பாயை இழுத்துக்கொண்டு போனேன். சீனு அண்ணன் எழுந்து நின்று வரவேற்றார். ஓட்டியவன் குடித்திருந்தான், மோட்டார் முதலாளியுடையது, இடித்தது பின்னாலிருந்து, பார்த்த சாட்சி இரண்டு. முன்சீப் கோர்ட்டில் நஷ்ட ஈட்டுக்குப் போட்டால் நெய்யில் கத்தி இறங்குகிற மாதிரி என்றார். நெய் வியாபாரி சாட்சி என்பதால் அந்த உவமை அவருக்கே ரொம்பப் பிடித்துப்போய், இரண்டு தடவை சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணுதான் பாய். கூண்டுல ஏறி, கழுத்து திரும்பாது, வாழ்நாள் பூரா திரும்பாதுன்னு சத்தியம் பண்ணணும்."

"பண்றேன். நெசந்தானே."

"டாக்டர் சர்ட்டிபிகேட்டும் கோர்ட்டுல தாக்கல் பண்ணிடுவோம்."

"பண்ணுங்க."

"அப்புறம் கோர்ட்டே எழுதிடும், இந்த ஆளால இனிமே பின்னால திரும்பிப் பாக்கவே…" என்று சொல்லிக்கொண்டே வந்த சீனு அண்ணன் பாதியில் நிறுத்தினார். மேலே சொல்ல வேண்டியது அவர் முகத்திலேயே தெரிந்தது.

வருஷா வருஷம் முனிசிபாலிட்டி இன்ஸ்பெக்டர் ஜட்கா லைசென்ஸைப் புதுப்பிக்க வருவார். குதிரையைப் பார்ப்பார், சக்கரத்தைப் பார்ப்பார், விளக்கைப் பார்ப்பார். கடைசியாக வண்டிக்காரனைப் பார்ப்பார். பின்னால் வருகிற வண்டியைப் பார்க்க முடியாதவனுக்கு லைசென்ஸ் கிடையாது. கழுத்து திரும்பாது என்று நிரூபித்தால் நஷ்ட ஈடு உண்டு, வண்டி போய்விடும். திரும்பும் என்று சாதித்தால் வண்டி உண்டு, நஷ்ட ஈடு போய்விடும். அதிலும் அந்த மாசமே இன்ஸ்பெக்டர் வருகிற மாசம்.

பாய் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே இருந்ததைத்தான் அவரால் பார்க்க முடியும், அங்கே சுவர் இருந்தது.

"முன்னால ஏத்தினா பின்னால தூக்குது. பின்னால ஏத்தினா முன்னால தூக்குது" என்றார்.

கோர்ட்டுப் பணம் வந்தால் வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடலாமே என்று நான் புத்தி சொன்னேன். பாய் கதவு மாதிரி முழுசாக என் பக்கம் திரும்பினார்.

"வூட்ல குந்திக்கினு இன்னா பண்றது? பொண்டாட்டிய எடை போடறதா? அவ வெளக்குமாறால அடிப்பா." கொஞ்சம் பொறுத்து, "பேகத்த வேற எவனாவது ஓட்டுவான். அவன் எங்க பாக்கப் போறான் அதோட கழுத்துல பாரம் வுழுறத?" என்றார்.

அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. நானும் சீனு அண்ணனும்கூட.

இதற்குள் தோல் ஷாப்பு முதலாளிக்கு விஷயம் போய்விட்டது. குடிகாரனிடம் மோட்டாரைக் கொடுத்தவர் என்று கோர்ட்டில் பெயர் அடிபடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. பேசித் தீர்த்துக்கொள்ளலாம், வாருங்கள் என்று ஆள் அனுப்பினார். போனோம். முற்றம் முழுக்கத் தோல்கள் காய்ந்துகொண்டிருந்தன. தோல் பதப்படுத்துகிற ஆவாரம்பட்டை வாசனையில் மூக்கே பதமாகிவிடும் போலிருந்தது. வேலை போன முனுசாமி வேறு போக்கிடம் இல்லாமல் அங்கேயே ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தான். அன்று குடித்திருக்கவில்லை. குடிக்காத முனுசாமியை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ரொம்பச் சின்ன முகம்.

தோல் வியாபாரத்தில் விலை பேசுவதைப் பார்த்திருக்கிறீர்களா? வாயைத் திறக்கமாட்டார்கள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொள்வார்கள், மேலே ஒரு துண்டைப் போட்டு மூடுவார்கள். உள்ளே விரலை அமுக்கித்தான் விலை. சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. வேண்டாம் என்றால் தலையை ஆட்டுவார்கள், சரி என்றால் கையை விட்டுவிடுவார்கள். முதலாளிக்குப் பழக்க தோஷம். ஒரு மனிதனின் கழுத்துக்கும் துண்டைத்தான் போட்டார்.

துண்டுக்குள் முதலாளி விரலை அமுக்கினார். பாய்க்குப் பணம் வேண்டாம். ஆனால் வேண்டாம் என்று தலையை ஆட்டக் கழுத்து வேண்டுமே. முன்னால் பார்த்தபடி கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். முதலாளி அசந்துபோனார். அவருடைய அனுபவத்தில் தலையையும் ஆட்டாமல் கையையும் விடாமல் உட்கார்ந்திருக்கிறவன் பழுத்த வியாபாரி. இன்னும் கொஞ்சம் ஏற்றினார். பாய் அசையவில்லை. இன்னும் ஏற்றினார். முதலாளிக்கு நெற்றியில் வேர்த்தது. தரகர்கள் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். அந்த ஊரில் அப்படி ஒரு பேரத்தை யாரும் கண்டதில்லை என்று ஒருவர் என் காதில் முணுமுணுத்தார். இந்த விரல் பாஷையில் பாய்க்கு ஒரு எழுத்தும் தெரியாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசியில் முதலாளியே தோற்றுப்போய், "இன்னாதான்யா வேணும் உனக்கு? வாயத் தொறந்து சொல்லு" என்றார்.

பாய் இடது கையை நீட்டி, ஓரத்தில் நின்ற முனுசாமியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அவன் கையைத் துண்டுக்குள் வைத்தார்.

"இவன் வேணும்."

யாருக்கும் புரியவில்லை. முனுசாமி கையை உருவிக்கொள்ளப் பார்த்தான்.

"எனக்குப் பின்னால பாக்கற கண்ணு போச்சு மொதலாளி. எடுத்தவன் இவன். வண்டி பின்பலகைல குந்தி எனக்காக இவன் பாக்கட்டும். சம்பளம் நீங்க குடுத்துக்கினு இருந்ததையே குடுங்க. படிக்கட்ட ரிப்பேர் பண்ணிக் குடுங்க. வேற பைசா வேணாம்."

முதலாளி முனுசாமியைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். உன்னை இடித்தவனையே முதுகுக்குப் பின்னால் உட்கார வைக்கப் போகிறாயா என்று கேட்டார்.

"இடிச்சவனுக்குத்தான் இடி வர்றது தெரியும்" என்றார் பாய்.

முதலாளி கையை விட்டார். பேரம் முடிந்தது. சீனு அண்ணன் தன் முதல் கட்சிக்காரரை இழந்தார்.

முதல் வாரம் நரகம். முனுசாமி பின்பலகையில் உட்கார்ந்ததும் பாயின் எடை சாஸ்திரம் முழுக்கத் தலைகீழாயிற்று. ஒரு ஆள் நிரந்தரமாகப் பின்னால். அதைச் சரிக்கட்ட, தன் காலடியில் ஒரு மூட்டை மணலைக் கட்டிவைத்தார். ஒரு சவாரியின் இடமும் போயிற்று. எட்டாம் நாளோ என்னவோ, முனுசாமி மத்தியானமே கள்ளுக்கடைக்குப் போய்விட்டு வந்து, ஒன்றும் தெரியாதவன் போல் ஏறி உட்கார்ந்தான். வண்டி நாலு அடி போயிருக்காது, பாய் நிறுத்திவிட்டார். குடித்தவன் எடை ஒரு இடத்தில் நிற்காது, தளும்பும் என்பது அவர் கட்சி.

"எறங்குடா முனுசாமி. பலகையப் புடிச்சிக்கினு நடந்து வா. தெளிஞ்சப்புறம் ஏறு."

பஜார் முழுக்க நடந்தான். தோல் ஷாப்புத் தோஸ்துகள் வரிசையாக நின்று சிரித்தார்கள். குதிரை பின்னால் கட்டியிருக்கிறதா முன்னால் கட்டியிருக்கிறதா என்று கேட்டார்கள். பாய் அவனை ஒரு வார்த்தை வையவில்லை. வண்டியை மட்டும் மெதுவாக ஓட்டினார். அவன் தடுமாறுகிற வேகத்துக்குச் சரியாக.

அந்த மாசக் கடைசியில் முனிசிபாலிட்டி இன்ஸ்பெக்டர் வந்தார். ஊரே கூடிவிட்டது. பேகத்துக்கு அன்று பாய் புதுக் குஞ்சம் கட்டியிருந்தார். இன்ஸ்பெக்டர் குதிரையையும் சக்கரத்தையும் பார்த்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றார். நான் என்ன செய்கிறேன், திரும்பிப் பார்த்துச் சொல் என்றார்.

பாய் திரும்பவில்லை. குதிகாலால் பலகையை ஒரு தட்டுத் தட்டினார்.

"கொடையத் தூக்கறாரு பாய்" என்றான் முனுசாமி.

"கொடையத் தூக்கறீங்க" என்றார் பாய், பேகத்தின் காதுகளைப் பார்த்தபடி.

இன்ஸ்பெக்டர் குடையை இறக்கினார். தொப்பியைக் கழற்றினார்.

"தொப்பியக் கழட்டிட்டாரு. வழுக்க."

"வழுக்க" என்றார் பாய்.

கூட்டம் சிரித்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியை அவசரமாக மாட்டிக்கொண்டு, இது என்ன ஒரு லைசென்ஸுக்கு இரண்டு ஆள் என்றார். ஃபீஸ் இல்லாமல் வந்திருந்த சீனு அண்ணன் முன்னால் வந்து கறுப்புக் கோட்டைச் சரிசெய்துகொண்டார். பின்னால் வருவது வண்டிக்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது, யார் கழுத்தால் தெரிய வேண்டும் என்று சொல்லவில்லையே என்று வாதாடினார். அவர் ஜெயித்த முதல் வழக்கு அதுதான். இன்ஸ்பெக்டர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பாய் இறங்கி வந்து, முனுசாமியைப் பார்க்க முழுசாக ஒரு சுற்றுத் திரும்பினார். மடியிலிருந்து வெற்றிலை எடுத்துக் கொடுத்தார்.

இதெல்லாம் நடந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. நான் பட்டம் வாங்கி, மதராஸுக்குப் போய், வேலை தேடி, கிடைக்காமல், இப்போது உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். போன மாசம் ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். ஸ்டேஷனில் அதே ஜட்கா. பின்பலகையில் முனுசாமி, ஒழுங்காகத் தலை வாரி, எதிர்த்திசை பார்த்து. பாய் என்னைப் பார்த்துவிட்டு, மதராஸ் சோறு சரியில்லை என்று ஒரே பார்வையில் தீர்ப்புச் சொன்னார். வேறு சவாரி இல்லை. பாயின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

ஆற்றுப் பக்கம் மேடு ஏறும்போது, ஓரத்தில் வெள்ளரிக்காய் விற்கிற பெண் "பாய்" என்று கூப்பிட்டாள். பாய் சட்டென்று இடது பக்கம் திரும்பி, விலையைக் கேட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, மறுபடி முன்னால் பார்த்தார்.

திரும்பாத கழுத்து திரும்பியதை நான் பார்த்துவிட்டேன். அவருக்கும் நான் பார்த்தது தெரிந்துவிட்டது. மெல்ல முன்னால் சாய்ந்து, எப்போது சரியாயிற்று என்று கேட்டேன். ரெண்டு வருஷம் ஆச்சு, ஒருநாள் தும்மினேன், அவுந்துக்கிச்சு என்று முணுமுணுத்தார். அவனிடம் சொல்லவில்லையா என்றேன்.

"சொன்னா எறங்கிடுவான் தம்பி."

எறங்கட்டுமே, அவன் கடன் தீர்ந்துபோயிற்றே என்றேன். கள்ளுக்கடைக்குத் திரும்புகிற பாதையைக் கடந்த பிறகுதான் பாய் சொன்னார்.

"வண்டி அவன் எடைக்குப் பழகிடுச்சு. அவன் எறங்கினா பேகத்தோட கழுத்து மேல பாரம் வுழும்."

பேகத்துக்கு வயதாகிவிட்டது என்பது வாஸ்தவம்தான். ஆனால் அவருடைய காலடியை எட்டிப் பார்த்தேன். மணல் மூட்டை அங்கேயேதான் இருந்தது. அதை அவிழ்த்துப் போட்டால் முடிகிற காரியம்.

"பாய், பின்னால லாரி வருது. ஓரம் கட்டு" என்றான் முனுசாமி.

"சரிடா" என்று ஓரம் கட்டினார், திரும்பிப் பார்க்காமல்.

முனுசாமிக்குப் படிக்கத் தெரியாது, அதனால்தான் துணிந்து எழுதுகிறேன். வாணியம்பாடிப் பக்கம் போகிறவர்கள் தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம். இன்று காலை ரயிலுக்கும் வண்டி வந்திருந்தது. முனுசாமி பின்பலகையில் உட்கார்ந்திருக்கிறான்.